அடுப்படிக் கடிகாரமும் ரெண்டு வைத்தியமும்

ஏர்போர்ட்ல இறங்கும்போதே வயிறு எரிஞ்சுகிட்டுத்தான் இருந்துச்சு. அதை யாரு கண்டுக்கிறா? நாப்பது நாள் லீவு! ரெண்டு வருசமா சவூதியில ஒரு குடோன்ல பெட்டி ஏத்தி இறக்கி, மெஸ்ல போடுற காஞ்ச ரொட்டியையும் உப்பு சப்பில்லாத கோழியையும் தின்னு நாக்கு செத்து வர்றவனுக்கு வயிறாவது எரிச்சலாவது! திருச்சியிலேருந்து லப்பைக்குடிக்காடு வர்ற வரைக்கும் கார்ல நான் ஒரே பேச்சு. என் பொண்டாட்டி வைக்கிற நெய்ச்சோறு எப்படி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நிக்கும், கறிக்குழம்புல எண்ணெய் எப்படி மேல மிதக்கும், தால்ச்சாவுல மாங்காய எந்த நேரத்துல போடுவா, எல்லாத்தையும் டிரைவர்கிட்ட ஒப்பிச்சேன். பாவம், அந்த மனுசன் பாடாலூர் வந்ததும் வண்டிய ஓரங்கட்டி டீ குடிக்க இறங்கிட்டாரு.

வூட்டுக்குள்ள நுழைஞ்சா வாசனை வாசல் வரைக்கும் வந்து கூட்டிட்டுப் போவுது. சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி சொல்ற பிஸ்மிய சொல்லி உக்காந்தேன். மூணு தடவை போட்டுத் தின்னேன். அவ பக்கத்துல நின்னுகிட்டு, "மெதுவாங்க, மெதுவா"ன்னு சொல்லிக்கிட்டே இன்னும் ஒரு கரண்டி வச்சா. அம்புட்டுத்தான். ஒரு மணி நேரத்துல நெஞ்சுக்குழியில பத்திக்கிச்சு. தொண்டை வரைக்கும் ஏறி, காது வரைக்கும் எரியுது. ரெண்டு வருசம் காத்துக்கிடந்த சோறு, அத்தனையும் வாந்தியா கொல்லைப்பக்கம் போச்சு. அவ முந்தானையால என் முகத்தைத் துடைச்சுகிட்டே அழுதுட்டா. எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். என் வயித்து மேலயே எனக்கு ஆத்திரம்.

மறுநாள் பெரம்பலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில காட்டினோம். குழாய் விட்டுப் பார்த்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. புண்ணு கிண்ணு ஒண்ணுமில்லயாம். டாக்டர் ஒரு மாத்திரை எழுதிட்டு, "நேரத்துக்குச் சாப்பிடுங்க, காரம் கொஞ்ச நாளைக்கு வேணாம், அது போதும்"னு சொல்லி அனுப்பிட்டாரு. எங்க சொந்தக்காரங்க யாருமே இதை ஒரு வைத்தியமாவே எடுத்துக்கல. நேரத்துக்குச் சாப்பிடுன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரான்னு எங்க அக்கா கேட்டுச்சு. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. ஆனா ஒண்ணு மட்டும் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். திரும்ப ஏறுறதுக்குள்ள ஒரே ஒரு தடவை, வயிறு எரியாம, என் பொண்டாட்டி கையால நெய்ச்சோறு தின்னாம நான் ப்ளைட்டுல காலு வைக்க மாட்டேன். அவகிட்டயும் சொன்னேன். "இன்ஷா அல்லாஹ்"ன்னா.

இங்கதான் ரெண்டு வைத்தியம் உள்ள வந்துச்சு. எங்க அக்கா பெரம்பலூர்ல குடியிருக்கு. அதுக்கு ஹோமியோபதின்னா உசுரு. அதோட கைப்பையில சாவிக்கொத்து இருக்கோ இல்லையோ, வெள்ளை உருண்டை டப்பா நாலு இருக்கும். என் பொண்டாட்டியோட தம்பி, எங்க மாப்ள, அரியலூர்ல கடை வச்சிருக்கான். அவனுக்கு ஆயுர்வேதம்தான் வேதம். அவன் வூட்டுக்குள்ள போனா தைல வாசனையில நம்ம சட்டையே ரெண்டு நாளைக்கு மணக்கும். ரெண்டு பேரும் ஒரே நாள்ல போன் போட்டாங்க. அக்கா பேச்சைக் கேட்டா மாப்ள மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான். மாப்ள பேச்சைக் கேட்டா அக்கா ஆறு மாசம் பேசாது. என் பொண்டாட்டி யோசிச்சுட்டு, "ரெண்டையும் பார்த்துருவோங்க, ரெண்டும் இயற்கை தானே"ன்னா. குடும்பம் ஒடையாம இருக்கிறதுக்கு என் வயிறு எதையும் தாங்கித்தானே ஆவணும்!

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில ஹோமியோபதி டாக்டரம்மா. வயசானவங்க, மெல்லிசான குரலு. வயித்தைப் பத்தி ஒரு கேள்விதான் கேட்டாங்க. அதுக்கப்புறம் ஆரம்பிச்சுச்சு பாருங்க. வெயிலு புடிக்குமா, மழை புடிக்குமா? எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்க? இருட்டுன்னா பயமா?

"கனவு வருமா?"

"வரும்."

"என்ன கனவு?"

"நெய்ச்சோறு."

பக்கத்துல இருந்தவ என் தொடையில கிள்ளினா. டாக்டரம்மா சிரிக்கவே இல்ல. "யாரு பரிமாறுவாங்க?"ன்னு கேட்டாங்க.

"இவதான்."

"சாப்பிடுவீங்களா?"

"கை வைக்கும்போது முழிப்பு வந்துரும்மா."

அதை அரைப் பக்கத்துக்கு எழுதினாங்க. அப்புறம், "கோவம் வருமா?"ன்னாங்க. நான் வாயத் திறக்கிறதுக்குள்ள இவ, "அதை ஏன் கேக்குறீங்க!"ன்னுட்டா. "நான் எப்படி கோவப்பட்டேன்? எப்ப பட்டேன்? சொல்லு!"ன்னு நான் போட்ட சத்தத்துல வெளியில உக்காந்திருந்தவங்க எல்லாம் எட்டிப் பார்த்தாங்க. டாக்டரம்மா தலையை ஆட்டிக்கிட்டே அதையும் எழுதினாங்க.

உருண்டைய கையால தொடக்கூடாது. மூடியில கொட்டி அப்படியே வாயில போட்டுக்கணும். முன்னாடி அரை மணி, பின்னாடி அரை மணி வாயில பச்சைத்தண்ணி கூடாது. காபி கூடாது. பச்சை வெங்காயம், பூண்டு, புதினா கூடாது. கற்பூர வாசனை கூடாது. அத்தர் கூடவே கூடாது. வரும்போது ஆறு பாட்டில் வாங்கிட்டு வந்திருக்கேன்! அந்த வருத்தத்துல நான் ஜன்னல் வழியா பஸ்ஸையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டரம்மா முக்கியமானதச் சொல்லியிருக்காங்க. கஷாயம் குடிக்கிறதா இருந்தா நம்ம மருந்தோட சேர்க்கவே கூடாது, ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடணும்னு. இவ கேட்டுக்கிட்டு, அக்காகிட்டயும் சொல்லி வச்சிருக்கா. எனக்குக் காதுல ஏறவே இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு அரியலூர். வழியெல்லாம் சிமெண்ட் லாரி. வைத்தியர் ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஆளு. சுவத்துல மாதா படம், அதுக்குக் கீழ வரிசையா லேகிய டப்பா. நல்லா சிரிக்கிற மனுசன். என் கையைப் புடிச்சு நாடி பார்த்துட்டு, "பித்தம் கொதிக்குது. வாதம் சும்மா இருக்காம அதை மேல தள்ளுது. கபந்தான் பாவம், நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்குது"ன்னாரு. எங்க வூட்டுல நானும் அக்காவும் மாப்ளையும் இருக்கிற இருப்பை அப்படியே சொன்ன மாதிரி இருந்துச்சு. கஷாயம், தலைக்குத் தைலம், லேகியம். புளி கூடாது, மிளகா கூடாது, கத்திரிக்கா கூடாது, தயிர் கூடாது, கறி மீனு மூச்சே விடக்கூடாது.

"நெய்யி?"ன்னு கேட்டேன்.

"நெய் தாராளமா."

"சோறு?"

"சோத்துக்கு என்ன?"

"அப்ப நெய்ச்சோறு?"

மனுசன் வயித்தைப் புடிச்சுகிட்டு சிரிச்சாரு. "பட்டை, கிராம்பு, ஏலக்கா, இஞ்சி, பூண்டு எல்லாத்தையும் எடுத்துட்டு ஆக்கித் தின்னுங்க"ன்னாரு. அதுக்கு நான் சவூதியிலயே இருந்திருப்பேனே!

கிளம்பும்போது வைத்தியர் இவளைப் பார்த்தாரு. இவ அப்போ நெஞ்சை லேசா அமுக்கிக்கிட்டு, சீரகத்தை வாயில போட்டுக்கிட்டு நின்னா. எப்பவும் அவ முந்தானை முடிச்சுல சீரகம் இருக்கும். "நீங்க எத்தனை மணிக்கும்மா சாப்பிடுவீங்க?"ன்னு கேட்டாரு.

"இவரு சாப்பிடுற நேரத்துக்குத்தான்."

வைத்தியர் என்னைப் பார்த்துப் புருவத்தை ஏத்தினாரு. குடுத்து வச்சவன்யா நீன்னு அர்த்தம். நானும் மீசைய முறுக்கிக்கிட்டேன். ரெண்டு பேருக்குமே ஒண்ணும் விளங்கல.

இப்ப எங்க வூட்டுக் கடிகாரத்தைப் பத்திச் சொல்லிறணும். எங்க வூட்ல ரெண்டு கடிகாரம். நடுக்கூடத்துல இருக்கிறது ஊரு நேரம். அடுப்படியில இருக்கிறது சவூதி நேரம், ரெண்டரை மணி நேரம் பின்னாடி. கல்யாணமாகி நான் முதல் தடவை ஏறின வாரத்துலயே அவ மாட்டினது, பதினாறு வருசமா ஓடுது. எங்க தெருவுல பாதி வூட்ல இப்படித்தான். துபாய்க்காரன் வூட்ல துபாய் நேரம், குவைத்துக்காரன் வூட்ல குவைத்து நேரம். புருசன் தூங்குறானா டூட்டியில நிக்கிறானான்னு பார்த்துட்டுப் போன் போட வேணாமா? என் கைக்கடிகாரத்தையும் நான் லீவுல மாத்துறதே இல்ல. நாப்பது நாளைக்கு அதை எதுக்குப் போட்டுத் திருகிக்கிட்டு?

அரியலூர்லேருந்து வந்த அன்னைக்கே இவ ரெண்டு அட்டவணை எழுதினா. பள்ளிக்கூடத்துல அவளுக்கு எப்பவும் முதல் மார்க்கு. கோடு போட்டு, சிவப்பு மையில தலைப்பு வச்சு, அப்படி ஒரு அழகு. உருண்டை அட்டவணைய நடுக்கூடத்துல கடிகாரத்துக்குக் கீழ ஒட்டினா. காலையில எட்டரை, ராத்திரி எட்டரை. கஷாய அட்டவணைய அடுப்படியில அந்தக் கடிகாரத்துக்குக் கீழ ஒட்டினா. காலையில ஆறு மணி, தலையில தைலம் வச்சுக்கிட்டு. அவ ஏழு மணிக்கெல்லாம் அடுத்த தெரு பெண்கள் மதரசாவுக்கு ஓதிக்குடுக்கப் போயிருவா, வர்றதுக்கு ஒம்பது ஆயிரும். அதனால விடியக்காலையில கஷாயத்தைக் காய்ச்சி எவர்சில்வர் தம்ளர்ல ஊத்தி, மூடி போட்டு, மேடையில வச்சுட்டு, "மறக்காம ஆறு மணிக்குக் குடிச்சிருங்க"ன்னு சொல்லிட்டுத் தன் வேலையப் பார்க்கப் போயிருவா. பஜர் தொழுதுட்டு வந்து மறுபடி சாஞ்சவன், "ம்ம்"னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன்.

நான் எப்ப எந்திரிப்பேன்? அடுப்படிக்குப் போயி அட்டவணையப் பார்ப்பேன். ஆறு மணின்னு போட்டிருக்கு. அதுக்கு நேர் மேல கடிகாரம், ஆறுக்கு இன்னும் பத்து நிமிசம்னு காட்டுது. என் கையில இருக்கிறதும் அதையேதான் சொல்லுது. தைலத்தைத் தலையில ஊத்தித் தேய்ச்சுக்கிட்டு, முள்ளு ஆறுல வந்து நின்னதும் கஷாயத்தை மடக்குன்னு குடிப்பேன். யா அல்லாஹ், அந்தக் கசப்பு! அதைக் குடிச்ச வாயோட நடுக்கூடத்துக்கு வந்தா அங்க எட்டரை. மூடியில உருண்டைய கொட்டி வாயில போட்டுக்குவேன். கசப்புக்கு நல்லா இதமா இருக்கும். பச்சைத்தண்ணிதானே கூடாதுன்னாங்க, கஷாயத்தைச் சொல்லலையே! என்ன ஒரு திட்டம் பாரு, என் வயிறு இன்னும் சவூதி நேரத்துலதான் கிடக்குதுன்னு தெரிஞ்சு, ஒரே மூச்சுல ரெண்டையும் முடிக்கிற மாதிரி போட்டுக் குடுத்திருக்கான்னு நான் அவளை மனசுக்குள்ள மெச்சிக்குவேன். கடிகாரத்துக்குக் கீழ ஒட்டினா அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தானே மனுசன் குடிப்பான்? நீங்களே சொல்லுங்க!

சும்மா சொல்லக்கூடாது, வயிறு அடங்க ஆரம்பிச்சுச்சு. பத்து நாள்ல எரிச்சல் பாதி. பதினஞ்சாம் நாளு நான் தெருவுல பாட்டுப் பாடாத குறை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அத்தர் இல்லாம, தைலம் மணக்கப் போய் நின்னா, பக்கத்துல நின்னவரு மூக்கைச் சுளிச்சுக்கிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்துட்டாரு. நான் அசரல. டாக்டரம்மாகிட்ட போனா, "பார்த்தீங்களா, நம்ம மருந்து புடிச்சுக்கிச்சு. கஷாயம் கெடுக்காம இருக்கிறதே பெரிசு"ன்னாங்க. வைத்தியர்கிட்ட போனா, "கஷாயம் உள்ள போய் உக்காந்துருச்சு. அது சர்க்கரை உருண்டை தானே, ஆசைக்குச் சாப்பிடட்டும்"னாரு. அக்கா மாப்ளைக்குப் போன் போட்டு ஜெயிச்ச மாதிரி பேசுச்சு. மாப்ள அக்காவுக்குப் போன் போட்டு ஜெயிச்ச மாதிரி பேசினான். நடுவுல நான் மாப்பிள்ளைத் தோரணையில பாசிப்பருப்புக் கஞ்சி குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எதிர்ல அவளும் அதே கஞ்சி. எனக்காகக் காரத்தையெல்லாம் விட்டுட்டா. ஒம்பதரைக்குக் காலைச் சாப்பாடு, ஒரு மணிக்குச் சோறு, எட்டு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு, எல்லாம் ரெண்டு பேரும் சேர்ந்து.

இருபத்தஞ்சாம் நாள் காலையில அக்கா திடீர்னு வந்து நின்னுச்சு. பெரம்பலூர்ல முதல் டவுன் பஸ்ஸப் புடிச்சு, என்னைப் பார்க்க. கதவு சும்மா சாத்தியிருந்துச்சு, நேரா அடுப்படிக்கே வந்துருச்சு. நான் நின்ன கோலம் எப்படின்னு நினைக்கிறீங்க? தலையிலேருந்து தைலம் புருவத்துல சொட்டுது. ஒரு கையில கஷாயத் தம்ளர். இன்னொரு கையில உருண்டை டப்பா. நடந்துபோற வேலை மிச்சம்னு அன்னைக்கு டப்பாவையும் அடுப்படிக்கே எடுத்து வந்துட்டேன்.

"அடப்பாவி!"ன்னு ஒரு சத்தம். தம்ளர் கை தவறித் தரையில கஷாயம்.

"என்னக்கா?"

"ரெண்டையும் ஒண்ணாவாடா முழுங்கற? ரெண்டு மணி நேரம் விடச் சொன்னாங்களே, காதுல என்ன வச்சிருந்த?"

"என்னைக் கேட்டா? அட்டவணையக் கேளு!"

அக்கா செருப்பைக்கூட சரியா மாட்டாம மதரசாவுக்கு ஓடி, இவளைக் கையோட இழுத்துட்டு வந்துச்சு. இவளுக்கு மூச்சு வாங்குது. யாருக்கோ என்னமோ ஆயிருச்சுன்னு வழியெல்லாம் கலிமா ஓதிக்கிட்டே வந்திருக்கா. அடுப்படிக் கடிகாரத்துக்குக் கீழ என்னை நிக்க வச்சு ரெண்டு பேரும் விசாரணை. நான் அட்டவணையக் காட்டினேன், கடிகாரத்தைக் காட்டினேன், என் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். ஆறு மணி, ஆறு மணி, ஆறு மணி. என்னய்யா தப்பு?

இவ தலையில கை வச்சுக்கிட்டா. "அது உங்க நேரங்க! அதைப் பார்த்தா கஷாயம் குடிச்சீங்க? நம்ம நேரம் நடுக்கூடத்துல இருக்குல்ல?"

"அப்ப எதுக்குடி அட்டவணைய இதுக்குக் கீழ ஒட்டின?"

"வேற எங்க ஒட்டுறது? கஷாயம் இங்கதானே இருக்கு!"

அக்கா முதல்ல முறைச்சுச்சு. அப்புறம் அதோட தோள் குலுங்குச்சு. அப்புறம் அப்படியே தரையில உக்காந்து, கஷாயத்துல உக்காந்துட்டோம்னுகூடத் தெரியாம, கண்ணுல தண்ணி வர சிரிக்க ஆரம்பிச்சுருச்சு. இருபது நாளா ரெண்டு ஊரு வைத்தியமும் என் வயித்துக்குள்ள கட்டிப் புடிச்சுக்கிட்டு கிடந்திருக்கு, அதை எட்ட எட்ட வச்சிருக்கோம்னு டாக்டரம்மா ஒரு பக்கம் சந்தோசப்பட்டுக்கிட்டு இருக்காங்க! எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. இவளும் வாயில முந்தானைய வச்சுக்கிட்டு சிரிச்சா. மூணு பேரும் சிரிச்ச சிரிப்புல எதிர் வூட்டுக்காரம்மா சன்னல்ல வந்து நின்னுட்டாங்க.

சிரிச்சு ஓஞ்சு, கண்ணைத் துடைச்சுக்கிட்டே அக்காதான் கேட்டுச்சு. சும்மா பேச்சுக்குத்தான் கேட்டுச்சு.

"ஏண்டி, அடுப்படியில இவன் நேரத்தை மாட்டி வச்சிருக்க. அப்ப நீ எந்தக் கடிகாரத்தைப் பார்த்து ஒலை வைப்ப? எதைப் பார்த்துச் சோறு திம்ப?"

இவ தரையில கிடந்த தம்ளரை எடுத்துக் கழுவப் போனா.

"உன்னைத்தான் கேக்குறேன்."

"அதைப் பார்த்துத்தான் மதினி."

"எதை?"

இவ தலையைத் தூக்காமலே அடுப்படிக் கடிகாரத்தை மூக்கால காட்டினா. "இவரு அங்க தனியா உக்காந்து திம்பாரு. இவரு திங்கிறதுக்கு முன்னாடி எனக்கு எறங்க மாட்டேங்குது. பழகிப் போச்சு."

எனக்கு முதல்ல ஏறவே இல்ல. அப்புறம் மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு. அப்ப இங்க மூணரை. எனக்கு ராத்திரிச் சாப்பாடு ஒம்பது. அப்ப இங்க பதினொண்ணரை. பதினாறு வருசம்! நான் சாப்பாட்டு நேரத்துல எப்பப் போன் போட்டாலும் இவ தட்டுக்கு முன்னாடிதான் உக்காந்திருப்பா. "என்னடி பண்ற?"ன்னா, "இதோ, இப்பத்தான் சாப்பிட உக்காந்தேன்"பா. நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? "எப்பப் பார்த்தாலும் தின்னுகிட்டேதான் இருப்பியா நீ?"ன்னு கிண்டல் பண்ணுவேன். சிரிப்பா. மெஸ்ல இருக்கிறவனுங்களைக் கூப்பிட்டு, "எம் பொண்டாட்டிக்குத் தட்டைக் கீழ வைக்கவே மனசு வராது"ன்னு சொல்லியிருக்கேன். இந்த வாயால சொல்லியிருக்கேன்.

"நெஞ்செரிச்சல் இருக்கா உனக்கு?"ன்னு கேட்டேன்.

"அதெல்லாம் கொஞ்சந்தான். சீரகம் போட்டா சரியாயிரும். நீங்க வந்து கொஞ்ச நாள்ல அதுவும் நின்னு போச்சு."

அவ முந்தானை முடிச்சு என் கண்ணுல பட்டுச்சு. அரியலூர் வைத்தியர் கேட்ட கேள்வி அப்பத்தான் மண்டையில எறங்குச்சு. மீசைய வேற முறுக்கினேனே! எனக்கு அழுகை வந்துச்சா கோவம் வந்துச்சான்னு தெரியல, "அறிவிருக்காடி உனக்கு?"ன்னு கத்திட்டேன். அக்கா எந்திரிச்சு, சேலையெல்லாம் கஷாயக் கறையோட, நடுக்கூடத்துக்குப் போயிருச்சு.

மறுநாளே அவளைப் பெரம்பலூருக்குக் கூட்டிப் போனேன். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரு. பார்த்துட்டு அதே மாத்திரைய எழுதினாரு. அப்புறம், "நேரத்துக்குச் சாப்பிடுங்கம்மா"ன்னாரு. அன்னைக்கு அந்த வார்த்தைய நான் கை கட்டிக்கிட்டு நின்னு கேட்டேன். அக்காவையும் மாப்ளையையும் ஒண்ணா உக்கார வச்சு, ரெண்டு மருந்தையும் நிறுத்துறேன், யாரும் மூஞ்சிய தூக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன். எது கேட்டுச்சு, எது கேக்கலன்னு எனக்குத் தெரியாது. நான் வந்ததுலேருந்து நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சாப்பிட்டோம், அது மட்டும் தெரியும். அக்கா டப்பாவ எடுத்துப் பையில போட்டுக்கிச்சு. மாப்ள மிச்சத் தைலத்தைத் தன் தலையில தேய்ச்சுக்கிட்டான்.

முப்பத்தெட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. இவ காலையிலேயே அரிசிய ஊற வச்சுட்டா. நான் அத்தர் போட்டுக்கிட்டு ஜும்மா போனேன், பழைய பக்கத்து ஆளு மறுபடி வந்து பக்கத்துலயே நின்னாரு. திரும்பி வந்தா வாசனை வாசல்ல நிக்குது. கை கால் கழுவிட்டு நேரா அடுப்படிக்குப் போனேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்தக் கடிகாரத்தைக் கழட்டினேன்.

"என்னங்க பண்றீங்க?"

"மாத்துறேன்."

"வேணாங்க!" கரண்டிய கீழ வச்சுட்டு ஓடி வந்து என் காலைப் புடிச்சுக்கிட்டா. "ரெண்டு நாள்ல போயிருவீங்க. அப்புறம் நீங்க எப்பத் திங்கிறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ திங்கிறப்பத்தான் நானும் திம்பேன்."

"டூட்டியில எப்படி?"

"அது என் கவலை. நீ ஒரு மணிக்குத் தட்டைப் போடு."

முள்ளை ரெண்டரை மணி நேரம் முன்னாடி திருகினேன். பதினாறு வருசத்துத் தூசி, கையெல்லாம் கருப்பு. மறுபடி மாட்டினா, வாழ்க்கையில முதல் தடவையா எங்க வூட்ல ரெண்டு கடிகாரமும் ஒண்ணு போல நின்னுச்சு. ஒண்ணே முக்கால். அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "ஜும்மாவால இன்னைக்கும் லேட்டு"ன்னா. ரெண்டு பேரும் உக்காந்தோம். ஒரே தடவைதான் போட்டுக்கிட்டேன், மென்னு மென்னு தின்னேன். அவளும் தின்னா. அன்னைக்கு முழுக்க நான் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கிட்டே இருந்தேன். எரியல. அவ நெஞ்சும் எரியலயாம், மூணு தடவை கேட்டுட்டேன்.

இப்ப நான் சவூதியில இருக்கேன். காலையில பத்தரைக்கு இங்க டீ பிரேக். எல்லாரும் கிளாஸைத் தூக்கிக்கிட்டு நிக்கிற நேரத்துல நான் மட்டும் சோத்து டப்பாவத் திறக்கிறேன். விடியக்காலையில எந்திரிச்சு நானே ஆக்கினது, கொஞ்சம் குழைஞ்சுதான் போவுது. மெஸ்ஸுல இருக்கிறவனுங்க, "என்னண்ணே, எப்பப் பார்த்தாலும் தின்னுகிட்டே இருக்கீங்க"ன்னு கிண்டல் பண்றானுங்க. பண்ணட்டும். போனைப் பெட்டி மேல சாய்ச்சு வைக்கிறேன். அந்தப் பக்கம் அவ தட்டோட வந்து உக்கார்றா, அவளுக்குப் பின்னாடி அடுப்படிக் கடிகாரத்துல ஒரு மணி.

"பிஸ்மி சொன்னீங்களா?"ன்னு கேக்குறா.